இன்ச், நூல், மில்லிமீட்டர்: புதிதாக டேப் பிடிப்பவர்களுக்கு

மாடிப்படி ஜன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. நானே டேப் பிடித்து அளந்தேன். அகலம் 3 அடி 6 இன்ச், உயரம் 4 அடி 3 இன்ச். துண்டுச் சீட்டில் ‘3.6 × 4.3’ என்று எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து நாள் கழித்து வந்த கண்ணாடி சட்டத்துக்குள் இறங்க மறுத்தது. அகலத்தில் 30 மி.மீ. கூடுதல், உயரத்தில் 15 மி.மீ. கூடுதல். அது டஃபன்ட் கண்ணாடி வேறு. அந்த வகையை அளவுக்கு வெட்டிய பிறகுதான் சூளையில் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். பதப்படுத்தியபின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமே என்று கை வைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியவில்லை. அவர் கால்குலேட்டரில் 3.6 அடி என்று தட்டி மில்லிமீட்டருக்கு மாற்றியிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்தது அதுதானே.

இன்ச்சை சென்டிமீட்டராக்குவது ஒரே ஒரு பெருக்கல். போனில் இரண்டு நொடி வேலை. ஆனாலும் வீடு கட்டுகிறவர்களும், கப்போர்டு செய்யக் கொடுக்கிறவர்களும், இணையத்தில் திரைச்சீலை வாங்குகிறவர்களும் ஓயாமல் இதில் அடிபடுகிறார்கள். பெருக்கலில் அடிபடுகிறவர் குறைவு. பெருக்குவதற்கு முன்னால், கையில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது என்று பார்க்காமல் விடுவதில்தான் காசு போகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அந்தப் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் ஒரே ஒரு எண்

1 இன்ச் = 25.4 மி.மீ. இது தோராயம் கிடையாது. புள்ளிக்குப் பின்னால் மறைந்து நிற்கும் இலக்கம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்க இன்ச்சும் பிரிட்டிஷ் இன்ச்சும் மயிரிழை வித்தியாசத்தில் இருந்தன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் உடன்பட்டு, 1959 ஜூலை 1 முதல் ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர் என்று வைத்துக்கொண்டன. அதை 36-ஆல் வகுத்தால் 25.4 மி.மீ. வந்துவிடும்.

மற்றதெல்லாம் இதிலிருந்து பிறப்பவை. 12 இன்ச் சேர்ந்த அடி 304.8 மி.மீ.; 3 அடி சேர்ந்த கெஜம் 914.4 மி.மீ. தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 25.4 மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

கால்குலேட்டர் இல்லாமல் பெருக்க ஒரு வழி உண்டு. 25.4 என்பது 25-உம் 0.4-உம். இன்ச்சை 25-ஆல் பெருக்குவது, நூறால் பெருக்கி நாலில் ஒன்று எடுப்பதுதான். 36 இன்ச் என்றால் 3600-இல் கால்வாசி 900, 36-க்கு 0.4 வீதம் 14.4, கூட்டினால் 914.4. உயரம் 5 அடி 6 இன்ச், அதாவது 66 இன்ச் என்றால் 1650 + 26.4 = 1676.4 மி.மீ. பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்கும் நேரத்துக்குள் மனசிலேயே போட்டுவிடலாம்: 167.6 செ.மீ.

பின்னமே வராத ஒரு சந்திப்பும் உண்டு. 5 இன்ச் என்பது சரியாக 127 மி.மீ. இன்ச் கணக்கில் செய்த பழைய லேத் மெஷினில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமானால் 127 பல் கொண்ட பல்சக்கரம் ஒன்றை மாட்டுவார்கள். 127 பகா எண். அதைவிடச் சின்னச் சக்கரத்தால் துல்லியமாக அந்த வேலையைச் செய்ய முடியாது. கோயம்புத்தூர்ப் பக்கம் பட்டறைகளில் பழகியவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்கு அது அன்றாடம்.

டேப்பில் நூல் எண்ணுவது

ஆசாரி “நாலே முக்கால் இன்ச்சு, ஒரு நூல் கம்மி” என்பார். புதியவர் இங்கேதான் முதலில் விழிப்பார். தமிழ்நாட்டுக் கட்டட வேலையிலும் தச்சு வேலையிலும் ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் இன்ச். 2 நூல் கால் இன்ச், 4 நூல் அரை இன்ச், 6 நூல் முக்கால் இன்ச். ஆசாரி சொன்னது 4 இன்ச் 5 நூல்.

பழைய தமிழ் வாய்ப்பாட்டில் எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்றும், பதினாறில் ஒன்றுக்கு மாகாணி அல்லது வீசம் என்றும் பெயர். ஆக, ஒரு நூல் என்பது அரைக்கால் இன்ச். அரை நூல் என்பது மாகாணி இன்ச். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று இறங்கும் இந்தக் கணக்கு நம் தாத்தாக்களுக்கு வாயிலேயே இருந்தது. இன்ச் டேப்பும் அதே கணக்கில்தான் கோடு போட்டிருக்கிறது. பத்துப் பத்தாகப் பழகிய நமக்குத்தான் அது விசித்திரமாகத் தெரிகிறது.

டேப்பைப் பார்த்தால் ஓர் இன்ச்சுக்குள் கோடுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். நடுவில் உள்ள நீளமான கோடு அரை. அதைவிடச் சற்றுக் குட்டையான இரண்டும் காலும் முக்காலும். அடுத்த குட்டைக் கோடுகள் ஒற்றைப்படை நூல்கள், அதாவது 1, 3, 5, 7. அதற்கும் குட்டையாக இருந்தால் அவை அரை நூல்கள்.

மில்லிமீட்டரில் ஒரு நூல் 3.175. இரண்டு 6.35, மூன்று 9.525, நான்கு 12.7, ஐந்து 15.875, ஆறு 19.05, ஏழு 22.225. இவற்றை டேப்பின் உறையில் மார்க்கரால் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

டேப் முனையில் உள்ள கொக்கி ஆடும். பழுது என்று நினைத்து அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் தகடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு தூரம் அது நகர வேண்டும். வெளி அளவு எடுக்க இழுத்து மாட்டும்போது தகட்டின் உட்பக்கம் பூஜ்ஜியம். உள் அளவு எடுக்கச் சுவரில் அழுத்தும்போது வெளிப்பக்கம் பூஜ்ஜியம். அந்த ஆட்டம்தான் இரண்டையும் சரிசெய்கிறது.

கொக்கி உண்மையிலேயே வளைந்துபோயிருந்தால் 1 இன்ச் கோட்டிலிருந்து பிடித்து அளந்து, பிறகு ஓர் இன்ச் கழித்துவிடுவார்கள். கழிக்க மறப்பதும் சகஜம். மில்லிமீட்டர் பக்கம் என்றால் 100-இலிருந்து பிடியுங்கள். கழிக்க மறந்தாலும் 10 செ.மீ. பிழை கண்ணில் உடனே உறுத்தும். ஓர் இன்ச் பிழை மரத்தை அறுத்த பிறகுதான் தெரியவரும்.

மாற்றும் படிகள்

ஓர் அலமாரியின் உயரம் 6 அடி 9 இன்ச் 3 நூல் என்று வைத்துக்கொள்வோம்.

1. அடியை இன்ச்சாக்குங்கள்: 6 × 12 = 72.
2. மிச்ச இன்ச்சைக் கூட்டுங்கள்: 72 + 9 = 81.
3. நூலை 8-ஆல் வகுத்துச் சேருங்கள்: 3 ÷ 8 = 0.375. மொத்தம் 81.375 இன்ச்.
4. 25.4-ஆல் பெருக்குங்கள்: 2066.925 மி.மீ.
5. கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்: 2067 மி.மீ.

திரும்பி வர இதே பாதையில் பின்னோக்கி நடக்க வேண்டும். கடையில் 1350 மி.மீ. பலகை இருக்கிறது, ஆசாரிக்கு இன்ச்சில் சொல்ல வேண்டும். 1350 ÷ 25.4 = 53.15. முழு இன்ச் 53. அதில் 12-ஐ நாலு முறை எடுத்தால் 4 அடி 5 இன்ச். மிச்சம் இருக்கும் 0.15-ஐ 8-ஆல் பெருக்கினால் 1.2 நூல். அதாவது 4 அடி 5 இன்ச், ஒரு நூல் சற்றுக் கூட. இந்த ‘சற்றுக் கூட’ முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

நடுவில் முழுமையாக்காதீர்கள். ஒரு கப்போர்டு கதவின் அகலம் 17 இன்ச் 3 நூல் என்றால் 441.325 மி.மீ. “44 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்” என்று சொல்லத் தோன்றும். கதவு ஒன்றுக்கு 1.325 மி.மீ. போனால் எட்டுக் கதவுக்கு 10.6 மி.மீ. வரிசையாக எட்டும் மாட்டி முடித்ததும் ஓரத்தில் விரல் நுழையும் சந்து இருக்கும். கதவுகள் எல்லாம் ஒரே அளவில் ஒழுங்காக இருக்கும், பிழை எங்கே என்று யாருக்கும் பிடிபடாது.

அப்புறம், ஒரே வேலைக்குள் அலகை மாற்றி மாற்றிப் போகாதீர்கள். அளப்பது, எழுதுவது, வெட்டக் கொடுப்பது மூன்றும் மில்லிமீட்டரில் நடந்தால் மாற்றவே வேண்டாம். ஆசாரி இன்ச்சில்தான் பழகியவர் என்றால் முழு வேலையையும் இன்ச்சில் விடுங்கள். ஒரு முறை மாற்றினால் ஒரு முறை தவறலாம். அளவு நாலு கை மாறி, நாலு முறை மாறினால் என்ன மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது.

புள்ளி வைத்து எழுதும் பழக்கம்

இப்போது என் கண்ணாடிக்கு வருகிறேன். நம் ஊரில் 5 அடி 6 இன்ச்சை 5.6 என்று எழுதுவது எங்கும் உண்டு. பேசும்போது “அஞ்சு ஆறு” என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அதனால் எழுதும்போதும் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடுகிறோம். கால்குலேட்டருக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளி. அதற்கு அடிக்குள் பத்துப் பங்குதான் தெரியும், பன்னிரண்டு தெரியாது.

என் ஜன்னலின் அகலம் 3 அடி 6 இன்ச், அதாவது மூன்றரை அடி, 42 இன்ச், 1067 மி.மீ. ஆனால் 3.6 அடி என்றால் 1097 மி.மீ. உயரம் 51 இன்ச், அதாவது 1295 மி.மீ.; 4.3 அடி என்றால் 1311 மி.மீ.

இதிலும் மோசமானது 10-உம் 11-உம். 5 அடி 10 இன்ச்சை 5.10 என்று எழுதினால் கால்குலேட்டர் அதை 5.1 என்று எடுத்துக்கொள்ளும். அது 5 அடி 1.2 இன்ச். கிட்டத்தட்ட 9 இன்ச் காணாமல் போய்விடும். ஒரு வகையில் இது நல்லது, இவ்வளவு பெரிய பிழை யாருடைய கண்ணிலாவது பட்டுவிடும். 3.6 போன்றவைதான் ஆபத்து. பார்க்க நியாயமாக இருக்கும், பொருள் வந்து சேர்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அடிக்கு ஒற்றை மேற்கோள், இன்ச்சுக்கு இரட்டை மேற்கோள் போட்டு 5' 6" என்று எழுதலாம். அதிலும் ஒரு கோடு அழிந்தால் அடி இன்ச் இடம் மாறிவிடும். ‘5 அடி 6 இன்ச்’ என்று எழுத்தால் எழுத நாலு நொடி கூடுதலாகப் பிடிக்கும். எழுதுங்கள்.

பெயர் வேறு, அளவு வேறு

இனி வருவதுதான் எந்த மாற்றுப் பட்டியலிலும் கிடைக்காதது. கடையில் சொல்லும் இன்ச் பல நேரம் அளவே கிடையாது, பெயர். ‘ராஜா’ என்று பெயர் வைத்தவரெல்லாம் ராஜாவா? அதே கதைதான்.

இந்தியா 1956-இல் சட்டம் இயற்றி 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் முறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் மாறிவிட்டன. கம்பியும் ஓடும் பைப்பும் மில்லிமீட்டரில் தயாராகின்றன. சைட்டில் பேச்சு மட்டும் அடியிலும் இன்ச்சிலும் நூலிலும் நின்றுவிட்டது. பழைய பெயரைப் புதிய பொருளுக்கு ஒட்டிக்கொண்டார்கள். கிட்டத்தட்டப் பொருந்துவதால் யாருக்கும் உறுத்தவில்லை. இடைவெளி பெரிதாகும் இடங்களில்தான் நீங்கள் மாட்டுவீர்கள்.

கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 3 நூல் கம்பி என்றால் கடையில் 10 மி.மீ. கிடைக்கும், கணக்குப்படி 9.525. 4 நூல் கம்பி 12 மி.மீ.; கணக்குப்படி 12.7. 5 நூலுக்கு 16, 6 நூலுக்கு 20, இரண்டரை நூலுக்கு 8. விட்டத்தில் 0.7 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் கம்பியின் எடையும் பலமும் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தவை. 12.7-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 12 மி.மீ. கம்பிக்கு வர வேண்டிய எடையைவிட 12 சதவீதம் கூட வரும். எடைக்கு ஒரு சூத்திரம் எல்லா சைட் இன்ஜினியரும் சொல்வார்கள்: விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து வர்க்கம் செய்து 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில். 12 மி.மீ. கம்பிக்கு 144 ÷ 162 = 0.889 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர், எனவே சுமார் 10.67 கிலோ. இதில் நூலைக் கொண்டுவந்து நுழைத்தால் லோடு வந்து இறங்கும்போது எடைக் கணக்கு உதைக்கும். அந்த முழுக் கம்பியை ‘நாப்பதடிக் கம்பி’ என்பார்கள். 12 மீட்டர் என்பது உண்மையில் 39 அடி 4 இன்ச் சொச்சம். 40 அடி நீளத்துக்கு ஒட்டில்லாமல் ஒரே கம்பி ஓடும் என்று நினைத்தால் ஏழரை இன்ச் துண்டு விழும்.

தரை ஓடு இதைவிட வேடிக்கை. ‘டூ பை டூ டைல்’ என்பது 2 அடிக்கு 2 அடி என்ற பெயர். ஓட்டின் அளவு 600 மி.மீ. உண்மையான 2 அடி 609.6. ஓட்டுக்கு 9.6 மி.மீ. குறைச்சல். பத்தடி அறைக்கு வரிசைக்கு அஞ்சு ஓடு போதும் என்று மனக்கணக்கு சொல்லும். அறை 3048 மி.மீ., ஐந்து ஓடு 3000 மி.மீ. ஓட்டுக்கு நடுவே விடும் இடைவெளியைச் சேர்த்தாலும் சுவரோரம் கிட்டத்தட்ட 4 செ.மீ. பாக்கி நிற்கும். சில வீடுகளில் ஸ்கர்ட்டிங் ஓட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் இந்தக் கணக்கின் மிச்சம்தான் அது. ஓடு வாங்கும் முன் அறையை மி.மீ.-இல் அளந்து 600-ஆல் வகுத்துப் பாருங்கள். கடைசியில் மெல்லிய பட்டை வருகிறது என்றால், இரண்டு பக்கமும் பாதிக்குமேல் ஓடு வருகிற மாதிரி நடுவிலிருந்து தொடங்கச் சொல்லலாம். கொத்தனார் முணுமுணுப்பார், ஓடு கொஞ்சம் வீணாகும், பார்க்க நன்றாக இருக்கும்.

பைப்பில் பெயருக்கும் அளவுக்கும் உறவே கிடையாது என்றுகூடச் சொல்லலாம். அரை இன்ச் ஜிஐ பைப்பை வெளியே அளந்தால் 21.3 மி.மீ.; அரை இன்ச் 12.7. உள் துளையும் அவ்வளவு சின்னதாக இருக்காது. பிவிசி பைப்பில் கம்பெனிகள் வெளிவிட்டத்தை மி.மீ.-இல் அச்சிடுகின்றன, கடையில் இன்ச்சில் கேட்கிறோம்: 20 மி.மீ. அரை இன்ச், 25 முக்கால், 32 ஒரு இன்ச், 63 இரண்டு இன்ச், 75 இரண்டரை, 110 நாலு இன்ச். இங்கே 25.4-ஐ வெளியே எடுக்கவே வேண்டாம். 110-ஐ 25.4-ஆல் வகுத்து “4.33 இன்ச் பைப் கொடுங்கள்” என்று கேட்டால் கடைப்பையன் உங்களைப் பார்க்கிற பார்வையே தனி. சுவரில் துளை போடும்போது மட்டும் பெயரை மறந்துவிட்டு 110-ஐ நினைவில் வையுங்கள். நாலு இன்ச் துளையில் நாலு இன்ச் பைப் போகாது.

பிளைவுட் யோக்கியன். எட்டுக்கு நாலு ஷீட் 2440 × 1220 மி.மீ.; சரியான 8 அடி 2438.4. முக்கால் இன்ச் தடிப்பு 19 மி.மீ. ஆனால் 18 மி.மீ. ஷீட்டையும் சிலர் முக்கால் இன்ச் என்றே சொல்லி விற்பார்கள். தடிப்பை மட்டும் மி.மீ.-இல் கேளுங்கள்.

டிவிக்கு இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலமோ உயரமோ கிடையாது. 43 இன்ச் டிவியின் பெட்டியில் பெரும்பாலும் 108 செ.மீ. என்று இருக்கும், 43-ஐ 2.54-ஆல் பெருக்கினால் 109.2 வர வேண்டும். இங்கேயும் இன்ச் பெயர், செ.மீ. அளவு. வழக்கமான 16-க்கு 9 திரையில் மூலைவிட்டத்தை 0.87-ஆல் பெருக்கினால் அகலம், 0.49-ஆல் பெருக்கினால் உயரம். 108 செ.மீ. திரை சுமார் 94 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். சுவர் அலமாரியில் டிவிக்கு இடம் விடச் சொல்லும் முன் இதைப் போட்டுப் பாருங்கள். ஓரச் சட்டத்துக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் வேண்டும்.

துணிக்கடையில்

இங்கே கணக்கு சுலபம். கெஜம் 91.44 செ.மீ. ஆறு கெஜம் 5.49 மீட்டர், இன்று புடவை 5.5 மீட்டர் என்று அச்சிட்டு வருவது அதைத்தான். ஒன்பது கெஜம் மடிசார் புடவை 8.23 மீட்டர். முழம் என்றால் ஒன்றரை அடி, இரண்டு முழம் ஒரு கெஜம், சாண் அதில் பாதி 9 இன்ச் என்பது புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கில் நாலு முழ வேட்டி 1.83 மீட்டர். பூக்காரம்மாவின் முழம் அவருடைய முழங்கைக்குக் கட்டுப்பட்டது. அதை மாற்ற எந்த வாய்ப்பாடும் இல்லை.

தையல் டேப் 60 இன்ச், மறுபக்கம் 150 செ.மீ. என்று இருக்கும். 60 இன்ச் சரியாக 152.4 செ.மீ.; எனவே 150 செ.மீ. கோடு 59 இன்ச்சைத் தாண்டியதும் வர வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தால் அந்த டேப்பில் ஒரு பக்கம் பொய். பழைய டேப் இழுபட்டு நீண்டும் போகும். வருஷத்துக்கு ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

நிலம் பக்கம் போனால்

நீளத்துக்குப் போட்ட கணக்கைப் பரப்புக்குப் போடக் கூடாது. இது படித்தவர்களும் சறுக்கும் இடம். ஒரு மீட்டரில் 3.28 அடி, அதனால் ஒரு சதுர மீட்டரில் 3.28 × 3.28 = 10.76 சதுர அடி. 10-க்கு 12 அறை 120 சதுர அடி. சதுர மீட்டரில் 11.15. 3.28-ஆல் வகுத்தால் 36.6 என்று ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையே கிடைத்துவிடும்.

பழைய நில அளவு வரைபடங்களில் ‘லிங்க்’ என்று இருக்கும். சர்வேயர் சங்கிலி 66 அடி. அதில் நூறு கண்ணி, கண்ணிக்கு 7.92 இன்ச், மீட்டரில் 0.2012. ஏன் இப்படி ஒரு விசித்திர எண் என்று கேட்காதவர் இல்லை. ஆயிரம் சதுர லிங்க்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்: சரியாக 435.6 சதுர அடி, அதாவது ஒரு சென்ட். ஒரு லட்சம் சதுர லிங்க் ஓர் ஏக்கர். அளந்தவர் லிங்க்கில் பெருக்கிவிட்டு மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் சென்ட் கையில். மெட்ரிக் அளவில் வந்த வரைபடத்தில் மீட்டர் இருக்கும். இரண்டும் வெறும் எண்களாகவே எழுதப்பட்டிருக்கலாம். 50 என்பது 50 மீட்டரா, பத்து மீட்டர் சொச்சம் வரும் 50 லிங்க்கா என்று வரைபடத்தின் தலைப்பைப் பார்த்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள். கிரிக்கெட் பிட்சின் நீளமும் இதே ஒரு சங்கிலிதான், 22 கெஜம், 20.12 மீட்டர். வெறும் நிலத்தில் நின்று தூரத்தைக் கண்ணால் மதிப்பிட இது உதவும்.

மைல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.609 கி.மீ.; ஐந்து மைலுக்கு எட்டு கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு எழுதும் முறை

கடைக்கோ ஆசாரிக்கோ அளவு கொடுக்கும்போது சீட்டின் தலையில் ‘எல்லா அளவும் மி.மீ.’ என்று எழுதிவிடுங்கள். கீழே எண்ணுக்குப் பக்கத்தில் அகலம், உயரம் என்று சொல்லாலேயே எழுதுங்கள். எது முதலில் என்று ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வழக்கம் மாறும். ஜன்னல் திறப்பின் அளவா, கண்ணாடியின் அளவா என்பதையும் குறியுங்கள். அடைப்புக்குள் இன்ச் அளவையும் எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று காவல் காக்கும். ஒன்று தப்பாக இருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம் வந்து போன் செய்வார். அளவை ஓரத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மறு ஓரத்தில் ஒருமுறை எடுத்து, உள்ளே இறங்க வேண்டிய பொருளுக்கு அதில் சின்னதைக் கொடுங்கள். சுவர் நேராக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

என் இரண்டாவது சீட்டில் இப்படி எழுதினேன்: ‘எல்லா அளவும் மி.மீ. திறப்பு அகலம் 1067 (3 அடி 6 இன்ச்). திறப்பு உயரம் 1295 (4 அடி 3 இன்ச்). நாலு பக்கமும் 3 மி.மீ. விட்டு, கண்ணாடி அகலம் 1061, உயரம் 1289.’ கடைக்காரர் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி வந்த அன்றே சட்டத்தில் உட்கார்ந்துவிட்டது.

முதல் கண்ணாடி எங்கள் சாப்பாட்டு மேசையின்மேல் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் நல்ல அளவாக இருக்கிறதே, எவ்வளவு என்று கேட்டால் 3.6 அடிக்கு 4.3 அடி என்று சொல்கிறேன். அந்தக் கண்ணாடியைப் பொறுத்தவரை அது சரியான அளவுதான்.